நடந்து இறுகிய மண்ணில் மட்டும் செழிக்கும் புல்: காட்டுக் கேழ்வரகை எப்படிக் கட்டுப்படுத்துவது?

தரிசுநிலம் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. தோட்டத்தில் ஒரு புல் பெரிய தலைவலியாகிவிட்டது. அது வருவது மூன்றே இடங்களில்தான்: நடந்து நடந்து தேய்ந்த ஒற்றையடிப் பாதை, வண்டி திருப்பும் மூலை, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றியுள்ள வெற்று மண். கொத்திப் பயிர் செய்யும் பாத்திகளுக்குள் அநேகமாக இல்லை.

தூர்கட்டி, தரையோடு தரையாக வட்டமாகப் படர்கிறது. அடித்தண்டு தட்டையாக, வெள்ளி மாதிரி வெளுத்து இருக்கிறது. பிடித்து இழுத்தால் வேர் வராது, தண்டு மட்டும் அறுந்து கையோடு வரும். தண்டின் நுனியில் விரல் விரித்த மாதிரி நான்கைந்து கதிர்கள். ஒருவர் அருகம்புல் என்கிறார், இன்னொருவர் காக்காய்க்கால் புல் என்று அடித்துச் சொல்கிறார்.

போன பருவத்தில் ஆள் வைத்துக் களைக்கொல்லி தெளித்தோம். சுற்றியிருந்ததெல்லாம் காய்ந்தது. இது மட்டும் ஓரம் லேசாக மஞ்சளாகி, மறுபடி பச்சை பிடித்துவிட்டது. மற்ற செடிகள் போன இடத்தையும் சேர்த்து இப்போது இதுவே பிடித்துக்கொண்டது. இது என்ன புல்? ஏன் இந்த இடங்களில் மட்டும் வருகிறது?

---

புல்லாய்வு எழுதியது:

நீங்கள் சொன்ன இரண்டு அடையாளங்களே போதும்: தட்டையான தண்டு, வெளுத்த அடி. இது காட்டுக் கேழ்வரகு. சில பக்கம் திப்பராகி என்பார்கள். அறிவியல் பெயர் எலூசின் இண்டிகா. லின்னேயஸ் 1753-இல் இதை வேறொரு பேரினத்தில் வைத்திருந்தார். கேர்ட்னர் 1788-இல் எலூசின் பேரினத்துக்கு மாற்றினார். வெப்ப நாடுகள் எல்லாவற்றிலும், இப்போது மிதவெப்ப நாடுகள் பலவற்றிலும், மனிதன் மிதித்த, வெட்டிய, உழுத இடமெல்லாம் இது உண்டு.

கதிர் விரல் மாதிரி விரிகிற புற்கள் நிறைய இருப்பதால்தான் குழப்பம். கையில் ஒரு கதிரை எடுத்து உற்றுப் பாருங்கள்.

அருகம்புல்லில் கதிர் நூல் போல மெலிந்திருக்கும், ஒவ்வொரு சிறுகதிரிலும் ஒரே ஒரு பூ. தரைக்கு மேலும் அடியிலும் கொடியோடி, கணுவுக்குக் கணு வேர் விடும். உங்கள் புல்லில் ஒரே தூர்தான், மண்ணுக்குள் ஓடும் கிழங்குத் தண்டு கிடையாது.

காக்காய்க்கால் புல்லில் கதிர் குட்டையாகத் தடித்திருக்கும். முக்கியமாக, கதிர்க்காம்பு கடைசிச் சிறுகதிரைத் தாண்டி வெறும் முள்நுனியாக நீட்டிக்கொண்டிருக்கும். காட்டுக் கேழ்வரகில் அந்த வெறும் நுனி இல்லை, கதிர் சிறுகதிரோடுதான் முடியும். கதிரின் ஒரே பக்கத்தில் இரண்டு வரிசையாக, ஜிப்பின் பற்கள் மாதிரி சிறுகதிர்கள் நெருங்கி அடுக்கியிருக்கும். பல நேரம் ஒரு கதிர் மட்டும் மற்றவை கிளம்பும் இடத்துக்குச் சற்றுக் கீழே தனியாகக் கிளம்பும். அதைப் பார்த்தால் சந்தேகமே வேண்டாம்.

இன்னொன்றும் செய்து பாருங்கள். முற்றிய விதையை நனைத்து விரல்களுக்கிடையே தேயுங்கள். மேல்தோல் தனியே கழன்று வரும். உள்ளே கருஞ்சிவப்பு விதை, அதன் மேல் மெல்லிய குறுக்கு வரிகள். பெரும்பாலான புற்களில் இந்தத் தோல் விதையோடு ஒட்டியே இருக்கும், உரியாது.

---

திடல்பணி எழுதியது:

விளையாட்டுத் திடல் பராமரிப்பில் இருக்கிறேன். இந்தப் புல்லோடு பழகாத நாள் இல்லை. திடலில் இது எங்கே வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்: கோல் கம்பத்துக்கு முன்னால், ஆட்டக்காரர்கள் நுழையும் வாசலில், உருளை அதிகம் ஓடும் இடத்தில். அதாவது மண் இறுகிப் போய், நாம் வளர்க்கும் புல் மெலிந்து, வெற்றுத் தரை தெரிய ஆரம்பிக்கும் இடம்.

வெட்டிக் கட்டுப்படுத்தலாம் என்று நினைக்காதீர்கள். வெட்டும் உயரத்துக்குத் தகுந்தபடி இது படுத்துக்கொள்ளும். இயந்திரக் கத்திக்குக் கீழேயே, தரையிலிருந்து சில சென்டிமீட்டர் உயரத்தில் கதிர் விட்டு விதை போட்டுவிடும். தாழ்வாக வெட்டினால் கூட இருக்கும் புல்தான் பலவீனமாகும், இதற்கு வெளிச்சம் இன்னும் நன்றாகக் கிடைக்கும். நாங்கள் திடலில் வெட்டும் உயரத்தைக் கூட்டிய பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது.

என் அனுபவத்தில் மருந்து முதலில் மண்ணுக்குத்தான். மண்ணைத் துளையிட்டுக் காற்றோட்டம் கொடுங்கள். மிதிபடும் வழியை மாற்றுங்கள். இடைவெளி இல்லாமல் வேறொன்றை வளர விடுங்கள்.

---

மண்வெட்டி எழுதியது:

திடல்பணி அண்ணா, திடலுக்கு அது சரி. தோட்டத்துப் பாதையைக் கொத்தி இளக்கச் சொன்னால் எனக்கு உடன்பாடில்லை. அந்த மண்ணில் இதன் விதை எவ்வளவு கிடக்கும் என்று யோசியுங்கள். ஒரே செடி 40,000 விதைக்கு மேல் போடும். கொத்திப் புரட்டினால் அடியில் கிடப்பதெல்லாம் மேலே வந்து வெளிச்சம் பார்க்கும். அடுத்த மழைக்குப் பாய் விரித்தது போல முளைக்கும். கதிர் வருமுன் ஒவ்வொன்றாகப் பிடுங்குவதுதான் சரியான வழி. கொஞ்சம் உடம்பு வளைய வேண்டும், அவ்வளவுதான்.

---

திடல்பணி எழுதியது:

புரட்டச் சொல்லவில்லை தம்பி. துளையிடுவதும் புரட்டுவதும் வேறு வேறு. கடப்பாரையைச் செங்குத்தாக இறக்கி, லேசாக அசைத்து எடுங்கள். துளைக்குள் மட்கைப் போடுங்கள். மேல்மண் அப்படியே இருக்கும், அடிமண்ணும் வெளியே வராது.

---

புல்லாய்வு எழுதியது:

இரண்டு பேர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. விதையின் இயல்பைப் பார்த்தால் எதை எப்போது செய்யலாம் என்று பிடிபடும்.

இதன் விதை மிகச் சிறியது. மேல்மண்ணில், வெளிச்சம் படும் இடத்தில் கிடந்தால் நன்றாக முளைக்கும். பகலில் சூடேறி இரவில் தணிகிற ஏற்ற இறக்கம் அதை இன்னும் தூண்டும். வெற்று மண்ணில்தான் இந்த ஏற்ற இறக்கம் அதிகம், நிழல் விழுந்த மண்ணில் குறைவு. புதைந்தால் ஆழம் கூடக் கூட முளைப்பது குறையும். 8 செ.மீ. ஆழத்திலிருந்து முளை மேலே வருவது அநேகமாக இல்லை. ஆகவே மேலோட்டமாகக் கொத்துவதுதான் இருப்பதிலேயே மோசம்: விதையை மேலேயே வைத்துக்கொண்டு, பக்கத்துச் செடிகளை மட்டும் அழிக்கிறோம். ஒரு முறை ஆழமாகப் புரட்டிப் புதைத்துவிட்டு, பிறகு அந்த மண்ணைத் தொடாமல் மூடாக்குப் போடுவது (சருகு, மரச்சிராய் போன்றவற்றால் மண்ணை மூடுவது) வேறு கதை. அது பலிக்கும். வருடா வருடம் புரட்டினால் புதைத்ததையே திரும்ப மேலே கொண்டுவருவோம்.

இன்னொரு விஷயம். ‘இறுகிய மண்ணை இந்தப் புல் விரும்புகிறது’ என்று பலர் எழுதுகிறார்கள். அதைக் கொஞ்சம் திருத்திச் சொல்ல வேண்டும். பொலபொலப்பான, உரமுள்ள மண்ணில் தனியாக விட்டால் இது முழங்கால் உயரத்துக்குத் தூர்கட்டி வளரும். அங்கே காணாததற்குக் காரணம், மற்ற செடிகள் வேகமாக வளர்ந்து நிழல் போட்டுவிடுகின்றன. நிழலை இது தாங்காது. இறுகிய மண்ணில் நிலைமை தலைகீழ். காற்று குறைவு, வேர் இறங்க இடமில்லை, மிதி வேறு. மற்றவை பின்வாங்கும், இது தாக்குப்பிடிக்கும். இதன் நார்வேர் அவ்வளவு கெட்டி. தண்டும் தட்டையாக நாரோடிக் கிடப்பதால் செருப்பும் சக்கரமும் ஏறினாலும் முறியாது. போட்டி இல்லாத இடம் இதற்குக் கிடைத்துவிடுகிறது.

வெயில் காலத்தில் கூடுதல் பலம் உண்டு. இது சி4 வகை ஒளிச்சேர்க்கை செய்யும் புல். கரியமில வாயுவை இலையின் உட்பகுதிச் செல்களில் செறிவாகச் சேர்த்துவைத்துப் பயன்படுத்துவதால், கடும் வெயிலிலும் குறைந்த நீரிலும் இதன் வேகம் குறையாது. இப்படிச் சேர்த்துவைக்காத சி3 வகைச் செடிகள் அதே வெயிலில் திணறும்.

---

வயல்வரப்பு எழுதியது:

யாரும் களைக்கொல்லிக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லையே. தரிசுநிலம், நீங்கள் தெளித்தது கிளைபோசேட்டா? ‘ஓரம் மஞ்சளாகி மறுபடி பச்சை பிடித்தது’ என்றதும் எனக்கு அந்தச் சந்தேகம்தான் வந்தது.

இந்தப் புல்லுக்குக் களைக்கொல்லி எதிர்ப்பில் நீண்ட வரலாறு உண்டு. 1973-இலேயே அமெரிக்காவில் தென் கரோலைனாவின் பருத்தி வயல்களில் டிரைஃப்ளூராலினுக்குச் சாகாத செடிகள் தென்பட்டன. அந்த மருந்து வேர்ச் செல்கள் பிரிவதைத் தடுக்கும். அதற்காக டியூபுலின் என்ற புரதத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும். எதிர்ப்புள்ள செடிகளில் அந்தப் புரதத்தின் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருந்தது. மருந்துக்கு ஒட்ட இடமில்லை.

பிறகு 1997-இல் மலேசியாவில் கிளைபோசேட் எதிர்ப்பு. அங்கேயும் அதே கதைதான். கிளைபோசேட் தாக்கும் நொதியில் 106-ஆவது இடத்தில் இருந்த புரோலின் என்ற அமினோ அமிலம் மாறிப்போயிருந்தது. பல வருடங்கள் கழித்து 102, 106 ஆகிய இரண்டு இடங்களும் சேர்ந்து மாறிய செடிகளையும் அங்கேயே கண்டுபிடித்தார்கள். அவற்றை வழக்கமான அளவு மருந்து ஒன்றுமே செய்வதில்லை. குளுபோசினேட் என்ற மருந்துக்கு உலகில் முதன்முதலாக எதிர்ப்புக் காட்டிய களையும் இதுதான், அதுவும் மலேசியாவில்தான். பாராகுவாட்டுக்கும் எதிர்ப்பு உண்டு. சில தோட்டங்களில் ஒரே செடி இதில் மூன்று மருந்தைத் தாங்குகிறது.

இந்தப் புல் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறும். எதிர்ப்பு உள்ள செடி ஒன்று தப்பித்தால் அதன் விதைகள் அப்படியே அதே குணத்தோடு ஆயிரக்கணக்கில் விழும். போட்டிக்கு இருந்ததையெல்லாம் மருந்தே அழித்துவிட்ட இடத்தில்தான் அவை விழுகின்றன. உங்கள் பாதையில் நடந்தது இதுவாக இருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை: பிழைத்ததெல்லாம் எதிர்ப்புள்ள செடி என்று ஆகாது. தூர்கட்டி முற்றிய செடி, வாடிய செடி, சக்கரம் எழுப்பிய தூசி படிந்த இலை, இவற்றில் மருந்து சரியாக இறங்காது. கிளைபோசேட் மண்ணைத் தொட்டாலே செயலிழந்துவிடும், இலைத் தூசியும் மண்தானே. இளஞ்செடிகளும் தப்பித்தனவா, ஒரே இடத்தில் பக்கத்துப் பக்கத்துச் செடிகளில் ஒன்று செத்து ஒன்று பிழைத்ததா என்று பாருங்கள். அப்படி இருந்தால் எதிர்ப்புச் சந்தேகம் வலுவானது.

---

தரிசுநிலம் எழுதியது:

வயல்வரப்பு அண்ணா, தெளித்தவர் கிளைபோசேட் என்றுதான் சொன்னார். அதே பாதையில் பல பருவங்களாக அதையேதான் தெளிக்கிறோம். நீங்கள் சொன்ன மாதிரியே ஒரு தூர் காய்ந்து, ஒட்டியிருந்த தூர் பச்சையாக நிற்கிறது. இளஞ்செடியும் தப்பியிருக்கிறது. அப்படியானால் வேறு மருந்துக்கு மாறட்டுமா?

---

வயல்வரப்பு எழுதியது:

மாறினால் கொஞ்ச காலம் ஓடும். அந்த இன்னொரு மருந்தையும் தனியாக, தொடர்ந்து தெளித்தால் கதை மறுபடி முதலிலிருந்து. உங்கள் இடம் சின்ன இடம், பாதையும் மூலையும்தான். இவ்வளவுக்கு மருந்தே தேவையில்லை என்பேன். தப்பித்த தூர்களை விதை விழுமுன் கையால் எடுத்துவிடுங்கள். அந்தச் செடிகளின் விதை பாத்திக்குள் போகாமல் பார்ப்பதுதான் இப்போது அவசரம்.

செருப்புச் சேறு, வண்டிச் சக்கரம், ஆடு மாட்டுக் குளம்பு, வெட்டு இயந்திரத்தின் அடித்தட்டு, நாற்றுப் பையில் வரும் மண், எல்லாமே இந்த விதையைக் கடத்தும். ஈரப் பாதையில் நடந்த காலோடு பாத்திக்குள் இறங்காதீர்கள்.

---

மண்வெட்டி எழுதியது:

பிடுங்குகிற முறையை நான் சொல்கிறேன். காய்ந்த மண்ணில் முயன்றால் தண்டுதான் அறுந்து வரும், நீங்களே பார்த்திருக்கிறீர்கள். தூர் மண்ணில் தங்கிவிட்டால் அதிலிருந்து மறுபடி துளிர்க்கும். மழை பெய்த மறுநாளோ, தண்ணீர் விட்டு ஊறிய பிறகோ செய்யுங்கள். இலையைப் பிடிக்காதீர்கள். களைக்கொத்தியின் முனையை வெளுத்த அடிப்பகுதிக்குக் கீழே, வேர் பிரியும் இடத்தில் சாய்வாக இறக்குங்கள். ‘நறுக்’ என்று ஒரு வெட்டு. அந்தக் கணு வெளியே வந்துவிட்டால் மீதி வேர் மண்ணில் கிடந்தாலும் கவலையில்லை, அதிலிருந்து முளைக்காது. அருகம்புல்லோடு ஒப்பிட்டால் இதுதான் பெரிய நிம்மதி. அருகம்புல்லில் ஒரு துண்டு விட்டாலும் போச்சு.

கதிர் வந்த செடியைப் பிடுங்கி அங்கேயே போடாதீர்கள். பச்சைக் கதிரும் காயும்போது விதை முற்றிவிடலாம். பையில் கட்டி அகற்றுங்கள், மட்குக் குழியிலும் போட வேண்டாம். குழி நன்றாகச் சூடேறினால் விதை சாகும். ஓரத்தில் கிடப்பது சாகாது.

---

கரைமேடு எழுதியது:

எல்லோரும் அழிப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். இந்தப் புல்லுக்காக நான் கொஞ்சம் பேச வேண்டும்.

புதிதாக மண் கொட்டிய மேடு, தோண்டிய கால்வாயின் ஓரம், இடித்த கட்டடத்தின் வெற்றுத் தரை, இங்கெல்லாம் முதலில் வந்து மண்ணைப் பிடிப்பது இது போன்ற புற்கள்தான். மழைத்துளி நேராக அடித்து மேல்மண் கரைந்து ஓடும் இடத்தில் இந்த நார்வேர் மண்ணைக் கட்டிவைக்கிறது. இளசாக இருக்கும்போது ஆடு மாடு மேயும். முற்றிய கதிரில் சில்லைக் குருவிகள் உட்கார்ந்து விதை கொறிப்பதை யாரும் பார்க்கலாம். தரிசுநிலத்தின் பாதையில் இதையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது சேறும் புழுதியும்தான். பயிருக்குள் போகாதவரை பாதையில் இருந்துவிட்டுப் போகட்டுமே.

---

புல்லாய்வு எழுதியது:

கரைமேடு அக்கா சொல்வது எனக்கும் பிடிக்கிறது. மேட்டு மண்ணில் நானும் இதைத் தொட மாட்டேன். ஆனால் பாத்தி பக்கத்தில் இருந்தால் இரண்டு விஷயங்களை யோசிக்க வேண்டும். வேர்முடிச்சு நூற்புழுக்கள் இதன் வேரில் தங்கும். பயிர் இல்லாத காலத்திலும் அவற்றுக்கு உணவு கிடைத்துக்கொண்டே இருக்கும். அடுத்து, கேழ்வரகைத் தாக்கும் குலைநோய்ப் பூஞ்சை இதையும் தாக்கும். கேழ்வரகு வயலின் வரப்பில் இது நின்றால் நோய் தங்க ஓர் இடம் கொடுத்த மாதிரி. அங்கே விட்டுவைக்கக் கூடாது.

---

விதைக்கூடை எழுதியது:

குறுக்கே ஒரு கேள்வி. காட்டுக் கேழ்வரகிலிருந்துதான் நாம் பயிரிடும் கேழ்வரகு வந்தது, இதுதான் அதன் தாய் என்று படித்தேன். அப்படியானால் வரப்பில் இருக்கும் இந்தப் புல் பயிரோடு கலந்து விதையைக் கெடுக்குமா?

---

புல்லாய்வு எழுதியது:

உறவு உண்டு, ஆனால் நேரடித் தாய் இது இல்லை. காட்டுக் கேழ்வரகில் குரோமோசோம்கள் 18. பயிர்க் கேழ்வரகில் 36. கிழக்கு ஆப்பிரிக்காவில் 36 குரோமோசோம் கொண்ட வேறொரு காட்டுப்புல் இருக்கிறது, பயிர்க் கேழ்வரகின் ஆப்பிரிக்கத் துணையினம் என்று அதை வகைப்படுத்தியிருக்கிறார்கள். அந்தப் பகுதி மேட்டுநிலங்களில் அதைத்தான் மனிதர் பயிராக்கினார்கள். அந்த 36-இல் பாதி நம் புல்லிடமிருந்து, அல்லது அதற்கு மிக நெருங்கிய ஒன்றிடமிருந்து வந்தது. ஆக, இதைப் பயிரின் மூதாதையர்களில் ஒன்று எனலாம்.

கலப்பு பற்றிப் பயம் வேண்டாம். 18-இல் பாதி 9, 36-இல் பாதி 18, இரண்டும் சேர்ந்தால் 27 வரும், அந்தச் செடி மலடு. ஆப்பிரிக்கத் துணையினம் மட்டும் பயிரோடு எளிதாகக் கலக்கும். அதனால் விதைக்கு வைத்திருக்கும் கேழ்வரகுக்கு இந்தப் புல்லால் வரும் தொல்லை, அறுவடையில் அதன் விதை கலந்துவிடுவதுதான். காட்டு விதை மிகச் சிறியது, சலித்தால் போய்விடும்.

---

தரிசுநிலம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இப்படிச் செய்யலாம் என்று இருக்கிறேன். பாதையில் கதிர் விட்ட தூர்களை முதலில் எடுத்துவிடுகிறேன். வண்டி திருப்பும் மூலையில் கடப்பாரைத் துளை போட்டு மட்கு நிரப்பி, வண்டியை ஒரு பருவம் அந்தப் பக்கம் விடுவதில்லை. தொட்டியைச் சுற்றிக் கனமாக மூடாக்கு. ஒற்றையடிப் பாதை மிதிபடாமல் இருக்காது, அங்கே என்ன செய்வது? கரைமேடு அக்கா சொன்ன மாதிரி விட்டுவைத்தால் விதை பாத்திக்குப் போகுமே.

---

திடல்பணி எழுதியது:

பாதைக்கு மட்டும் மரச்சிராய் அல்லது சருகை உள்ளங்கை உயரத்துக்குப் போட்டு, மட்கிக் குறையும்போதெல்லாம் மேலே சேருங்கள். வெளிச்சமும் கிடைக்காது, மண்ணின் சூடும் ஏறி இறங்காது, முளைப்பு பெரிதும் குறையும். மிதியும் நேராக மண்ணில் இறங்காது. இரண்டு ஓரமும் முக்கியம். பாதையும் பாத்தியும் சேரும் அந்த விளிம்பில்தான் இது நுழையும். அங்கே அடர்த்தியாக ஏதாவது வளர விடுங்கள், வெற்று மண் தெரியக் கூடாது.

தொட்டிப் பக்கம் கசிவு இருந்தால் அதை முதலில் அடையுங்கள். ஈரமாகவே இருக்கும் மண் இன்னும் சீக்கிரம் இறுகும், மூடாக்கு மட்டும் போதாது.

---

தரிசுநிலம் எழுதியது:

கசிவு இருக்கிறது அண்ணா, குழாய் மூட்டில். இன்றைக்கே பார்க்கிறேன். கடைசியாக ஒன்று. பாத்தியில் கேழ்வரகு நாற்று விட்டிருக்கிறேன். இரண்டு மூன்று இலைப் பருவத்தில் எது நாற்று, எது காட்டுப்புல் என்று எப்படிப் பிரிப்பது? இரண்டும் ஒரே மாதிரி இருக்கிறது.

---

புல்லாய்வு எழுதியது:

அந்தப் பருவத்தில் இலையை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. இரண்டிலும் இலை மடிந்தே வெளிவரும், தண்டும் தட்டைதான். பார்க்க வேண்டியது மூன்று. நீங்கள் வரிசையாக விதைத்திருந்தால் வரிசைக்கு வெளியே முளைத்ததெல்லாம் களை, யோசிக்காமல் எடுங்கள். வரிசைக்குள் இருப்பதில் பயிர் நாற்று தடிமனாக நிமிர்ந்து நிற்கும், காட்டுப்புல் மெலிந்து பக்கவாட்டில் சாயும். அதிலும் சந்தேகமானால் ஒன்றை மெதுவாக வேரோடு எடுத்துக் கழுவிப் பாருங்கள். விதைத்தோல் ஒட்டியிருந்தால் அதன் அளவே சொல்லிவிடும்.

இன்னும் நாற்று விடாத பாத்தி இருந்தால், தண்ணீர் விட்டு முதலில் களையை முளைக்க விடுங்கள். முளைத்ததை மேலோட்டமாகச் சுரண்டி எடுத்த பிறகு, மண்ணைக் கிளறாமல் விதையுங்கள்.

---

மண்வெட்டி எழுதியது:

அந்த முறையை நானும் செய்கிறேன். சுரண்டுவதை வெயில் ஏறிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள் தரிசுநிலம். முளை அரை நாளில் காய்ந்துவிடும். மேகமூட்டமான நாளில் சுரண்டினால் பாதி மறுபடி வேர் பிடிக்கும்.